ஆறு இரவு, ஆறு வீடு

பாரிஸ்
16 அக்டோபர் 2012

அன்புள்ள மச்சாள் கோசலைக்கு,

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாக உங்கள் அண்ணையின் புது ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் போட்டுப் பார்த்தேன். அவர் விடியவே வேலைக்குப் போய்விட்டார். மகள் நிரோஜினி நித்திரை. கண்ணாடியில் பார்த்தால் சந்திரனுக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தேன். இடது காதடியில் கொஞ்சம் இறுக்கியது. உடனே கழற்றி, அவர் வைத்திருந்த மாதிரியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

சுகம் விசாரிக்காமல் ஹெல்மெட் கதை சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். நாங்கள் மூவரும் இருக்கிறோம், குறையில்லை. உங்கள் முழங்கால் எப்படி? உங்கள் அவருக்கு, கரிகாலன் அண்ணைக்கு, இரத்தத்தில் சீனி குறைந்ததா?

விஷயம் இதுதான். உங்கள் அண்ணை மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். பழையதுதான், ஆனால் தொள்ளாயிரம் சி.சி. மெட்ரோப் பாலத்துக்குக் கீழே நிறுத்திவைத்து லா சப்பல் தமிழ்த்தெரு முழுவதற்கும் காட்டி முடித்தாயிற்று. வருகிற ஜூலையில் ஒரு வாரம் ஐரோப்பாவைச் சுற்றப் போகிறாராம். பின்னால் நான் இருக்கவேண்டுமாம். அவர் போட்ட திட்டம்: பெர்லின், வியன்னா, வெனிஸ், ரோம், உங்கள் பெர்ன், திரும்பப் பாரிஸ். ஒரு நாளைக்கு அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. கேட்டால், "யாழ்ப்பாணத்திலை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடினவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமோ?" என்கிறார்.

நான் புவியியல் படித்தவள். அந்தப் படிப்பு இத்தனை காலமும் ரூ லூயி-பிளாங்க் தெருவில் பயண முகவர் கடையில் இருந்து மற்றவர்களுக்கு விமான ரிக்கெற் போடத்தான் உதவியது. இப்போது எனக்கென்று ஒரு பாதை போட்டிருக்கிறேன். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மலையேறுவதென்றால் நாளுக்கு இருநூற்றைம்பது, சமதரையில் முந்நூற்றைம்பது. நான்சி, பாசல், பெர்ன், பெலின்சோனா, சியோன், டிஜோன். ஏழு பகல், ஆறு இரவு.

உங்களிடம் ஒரு உதவி. ஆறு இரவும் சொந்தக்காரர், தெரிந்தவர் வீடுகளில் தங்கவேண்டும். பெர்னில் நீங்கள். பாசலில் அற்புதமலர் அக்கா. டிஜோனில் என்னோடு கம்பசில் படித்த கலாவதி. மற்ற மூன்று ஊர்களிலும் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். ஹோட்டல் ஒன்றுகூட வேண்டாம்.

போனில் கதைத்தால் இவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால்தான் கடிதம். பதிலை என் வேலையிடத்து விலாசத்துக்கு அனுப்புங்கள்.

பிள்ளைகளைக் கொஞ்சியதாகச் சொல்லவும்.
மிருணாளினி


பெர்ன்
4 நவம்பர் 2012

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்துவிட்டேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? முழங்கால் கிடக்கிறபடி கிடக்கிறது. இவருக்குச் சீனி குறையவில்லை, இனிப்பை ஒளித்து வைத்துச் சாப்பிட்டால் எப்படிக் குறையும்?

மூன்று வீடும் ரெடி. நான்சியில் அண்ணையோடு படித்தவர் ஒருவர். பெலின்சோனாவில் இவருடைய ஒன்றுவிட்ட தம்பி. சியோனில் எங்கள் பெரியம்மாவின் மகள், அவள் இப்போதே என்ன சமைப்பது என்று கேட்கிறாள். அண்ணை எங்கள் வாசலால் போய் ஹோட்டலில் படுத்தால் நான் சுவிசில் தலைகாட்ட முடியாதுதான். ஆனால் ஆறு இரவுமா அண்ணி? ஒரு இரவாவது மலைமேலே ஹோட்டலில் நில்லுங்கள். இருபது வருடம் பிந்தின தேனிலவு என்று நினையுங்கள். நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இவர் பத்து வருடமாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர். உங்கள் பாதையைக் காட்டினேன். "இது மூளையுள்ள ஆள் போட்டது, உன்ரை கொண்ணர் போட்டிருக்கமாட்டார்" என்றார். மழைக்கு உடுப்பு எடுக்கட்டாம். சுவிஸ் பெருந்தெருவில் ஓட வரி கட்டி வண்டியில் வில்லை ஒட்டவேண்டுமாம். மலையால் இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கட்டாம். முக்கியமாக, கோபத்தோடு ஓடக்கூடாதாம். அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.
கோசலை


பாரிஸ்
27 நவம்பர் 2012

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்து வீட்டுச் சுகம் அறிந்தேன். நாங்களும் அப்படியே. எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதீர்கள். படியில் தவறி விழுந்து இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கைதானே எழுதுகிறது என்று கேட்பீர்கள். தாளைப் பிடிக்க ஆளில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திரான்சியில் இருந்து உங்கள் தில்லையம்பலம் மாமா வந்தார். பாலத்தடியில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மருமோன், உது மோட்டச்சைக்கிளோ, எருமைக்கடாவோ? உதுக்கு வைக்கோல் போடவேணும் போல கிடக்கு" என்றார். தெருவில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வெளியில் இவரைவிடச் சிரிக்கத் தெரிந்த மனிதன் இல்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது இரண்டு திட்டத்தையும் மாமா கேட்டார். நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். "பிள்ளை சொல்லுறதுதான் சரி. கம்பசிலை படிச்ச பிள்ளையெல்லே" என்றார் மாமா. "ஓம் மாமா, ரூட் முழுக்க அவதான். நான் வெறும் டிரைவர்" என்று இவர் என் தோளில் தட்டினார்.

ஆறு வீட்டுக்கும் சம்மதித்துவிட்டார். ஆறு வீட்டிலும் வண்டியைக் காட்டலாம் என்று மாமா சொன்னது பிடித்துவிட்டது. ஆகவே பெலின்சோனா உறுதி, சியோன் உறுதி. பெரியம்மாவின் மகளிடம் சொல்லுங்கள், எதைச் சமைத்தாலும் சரி.

உங்கள் எல்லோருக்கும் என் அன்பு.
மிருணாளினி


பெர்ன்
9 ஜனவரி 2013

அன்பு அண்ணிக்கு,

பொங்கல் வருகிறது, நல்லபடி பொங்குங்கள். நாங்கள் சுகம்.

பதில் எழுத நாளாயிற்று. இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன்.

எந்தப் படி அண்ணி? நான் வந்து நின்றபோது உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருந்ததே.

கோசலை


பாரிஸ்
17 ஜனவரி 2013

அன்புள்ள கோசலை,

பொங்கல் முடிந்தது. உடம்பு தேறிவிட்டது, மாவுக்கட்டையும் வெட்டிவிட்டார்கள். நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

படி இல்லை. மாமாவை அனுப்பிவிட்டு வந்து கதவைப் பூட்டினார். "எனக்கு முன்னாலை மாமாவுக்குப் படிப்புக் காட்டுறியோ?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நான் வரைபடத்தில் பெலின்சோனாமேல் விரலை வைத்தபடி இருந்தேன். அந்தக் கையைப் பிடித்து மேசை விளிம்பில் வைத்து, தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினார். ஈர்க்குக்கட்டு முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. பிறகு அவரே சோறு போட்டு, குழைத்து, என் வாயில் தீத்தினார். விடிந்ததும் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஹெல்மெட் காதடியில் இறுக்கியது என்று எழுதினேன். ஹெல்மெட் சரியான அளவு. காதுதான் வீங்கியிருந்தது.

ஏன் ஆறு இரவும் வீடு என்று கேட்டீர்கள். இருபது வருடத்தில் அவர் இன்னொருவர் வீட்டில் என்மேல் கைவைத்ததில்லை. சார்செலில் கலியாணவீடு ஒன்றுக்குப் போய் மூன்று நாள் நின்றோம். ஒரே அறையில் ஒன்பது பேர், குழந்தைகள் அழுகிற சத்தம், ஒருவர் குறட்டை. நான் மூன்று இரவும் கட்டையைப் போலத் தூங்கினேன். நிரோஜினி அங்கே என்னைத் தட்டியெழுப்பி, உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள். பிரெஞ்சில்தான் கேட்டாள், அவளுக்குப் பயத்தில் தமிழ் வராது.

வரமாட்டேன் என்று சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். போனால் ஆறு இரவு கிடைக்கும். அந்தப் பாதையை நான் அப்படித்தான் போட்டேன். ஊர்களைப் பார்த்துப் போடவில்லை, கதவுக்கு மற்றப்பக்கம் யாராவது படுத்திருக்கிற இடங்களைப் பார்த்துப் போட்டேன்.

இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் அண்ணை என்பதையும் மறக்கவில்லை.

மிருணாளினி


பாரிஸ்
20 மார்ச் 2013

அன்புள்ள கோசலை,

சுகமாக இருக்கிறீர்கள்தானே? இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா, வேறு கையில் சேர்ந்ததா என்று வேலையிடத்தில் தபால்காரர் வருகிற நேரமெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். எழுதியது தவறென்றால் அதையாவது எழுதுங்கள்.

ஞாயிறு அன்று வெள்ளோட்டம் என்று தியெப் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரூவோன் தாண்டும்போது திரும்பவேண்டிய இடத்தை விட்டுவிட்டார். நான் தோளில் மெதுவாகத் தட்டிக் கையைக் காட்டினேன். அவ்வளவுதான்.

வேகம் காட்டுகிற முள் நூற்றெண்பதில் நின்றது. இரண்டு பாரவண்டிகளுக்கு நடுவால் விட்டார். என் முழங்கால் ஒரு பாரவண்டியின் பக்கத்தில் உரசியது, உடுப்புக் கிழிந்து தோல் போனது. நான் கத்தினேன். கத்தக் கத்த முன்சில்லை இடமும் வலமுமாக ஆட்டினார். ஒரு கையை விட்டு முழங்கையால் பின்னுக்கு இடித்தார், விலாவில். இறங்கவும் முடியாது, பிடியை விடவும் முடியாது. என்னை அடிக்கிறவரையே இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரையில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பாத்தியோ? உனக்கு அடிக்க எனக்குக் கை தேவையில்லை" என்றார். உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தந்தார். சாப்பிட்டேன்.

இரவுகளுக்கெல்லாம் வீடு தேடிவைத்தேன் கோசலை. பகல்களை மறந்துபோனேன். மாலையில் ஏதோ ஒரு வீட்டில் உயிரோடு இறங்கினால்தானே இரவு?

ஒரு வரியாவது எழுதுங்கள்.
மிருணாளினி


பெர்ன்
28 மார்ச் 2013

அன்பு அண்ணிக்கு,

இரண்டு கடிதமும் என் கையில்தான் கிடைத்தன. பயப்படவேண்டாம். நான் சுகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

என் வலது சுண்டுவிரல் மடியாது. கதவில் நசுங்கியது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கதவுதான். கதவைச் சாத்தினவர் அண்ணை. எனக்குப் பதினேழு வயது. ரியூசன் முடிந்து ஒரு பெடியனோடு சைக்கிளில் கதைத்துக்கொண்டு வந்தேன், அதுதான் குற்றம். விரலை இடுக்கில் வைக்கச் சொல்லிவிட்டுச் சாத்தினார். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா, சத்தம் கேட்டும் துருவலை நிறுத்தவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு இரண்டு மாதம் எனக்கு அந்தத் துருவல் சத்தம்தான் கேட்டது. அதனால்தான் எழுத வரவில்லை.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஆகவே யோசித்து, தில்லையம்பலம் மாமாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். அண்ணை அடங்குகிற ஒரே ஆள் அவர்தான். எங்கள் பக்கத்தில் எந்தப் பிரச்சினையும் ஒரு பெரிய ஆள் வந்திருந்து கதைத்துத்தானே தீர்ந்திருக்கிறது? பக்குவமாகக் கதைப்பதாகச் சொன்னார். சித்திரை வருடப்பிறப்பு அன்று வருவார். இனி எல்லாம் சரிவரும்.

கடவுள் உங்களைக் கைவிடமாட்டார்.
கோசலை


பாரிஸ்
25 ஏப்ரல் 2013

கோசலை,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும். என் தாடையைக் கட்டியிருக்கிறார்கள், கதைக்க முடியாது. எழுதலாம்.

மாமா வந்தார். ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கைகழுவி வந்து சோபாவில் இருந்து தொடங்கினார்.

"மருமோன், பொம்பிளைக்குக் கை நீட்டுறது எங்கடை குடும்பத்திலை இல்லாத பழக்கம்."

"என்ன மாமா சொல்லுறியள்? ஆர் சொன்னது?" இவர் முகத்தில் சிரிப்புக்கூடக் குறையவில்லை.

"ஆரோ சொல்லிச்சினம். விடு. பிள்ளை, நீயும் கொஞ்சம் பொறுத்துப்போ. படிச்சனீ எண்டு ஆம்பிளையை முந்தி வாய் திறக்கிறேல்லை."

"ஓம் மாமா" என்றேன்.

"உங்களுக்கு என்ன குறை தெரியுமோ? ரெண்டு பேரும் தனிய இருந்து மனம்விட்டுக் கதைக்கிறேல்லை. இந்தப் பயணம் நல்ல சந்தர்ப்பம். வீடு வீடாய்ச் சொந்தக்காரரிட்டை நிண்டா புருசன் பெண்சாதிக்கு என்ன கதை இருக்கு? ஒருத்தற்றை வீடும் வேண்டாம். ஹோட்டல்லை நில்லுங்கோ. மலை, குளம், நீங்கள் ரெண்டு பேர். எல்லாம் சரிவரும்."

"நல்ல யோசனை மாமா" என்றார் இவர். என்னைப் பார்த்தபடி சொன்னார்.

மாமாவைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள் பூட்டுகிற சங்கிலியோடு மேலே வந்தார். "கோசலையிட்டைச் சொன்னியோ?" என்று ஒருதரம்தான் கேட்டார். நான் கையை உயர்த்தி முகத்தை மறைத்தேன். முதல் அடி முழங்கைக்குக் கீழே. கை தானாக விழுந்தது. இரண்டாவது தாடையில். அதன்பிறகு எத்தனை என்று தெரியாது. நிலத்தில் கிடந்தபடி சோபாவின் அடியைப் பார்த்தேன், நிரோஜினியின் பழைய தலைமுடி வளையம் ஒன்று தூசியில் கிடந்தது. அவள் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று பிரெஞ்சில் கத்தினாள். அவளுக்கும் ஒன்று விழுந்தது, தோளில். அவளுக்கு அடித்தது இதுதான் முதல்தரம். அம்புலன்சுக்கு அவள்தான் போன் எடுத்தாள்.

மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அந்தப் பெண் மருத்துவர் என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். "விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள் மதாம். உங்கள் உள்ளங்கையில் ஒரு கீறலும் இல்லை" என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

இப்போது இவர் நல்லவர். கஞ்சி வைத்துத் தருகிறார். ஆறு வீட்டுக்கும் தானே போன் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஆறு ஹோட்டல். உங்கள் வீட்டில் மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு மட்டும்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் செய்ததைத்தான் நம் ஆட்கள் எல்லோரும் செய்வார்கள்.

மிருணாளினி


பெர்ன்
6 மே 2013

அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கடிதத்தை வாசித்துவிட்டுக் குளியலறையில் போய் இருந்தேன். சங்கிலியை அண்ணை கையில் கொடுத்தது நான்தான்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். மூன்றாம் நாள் மதியம் எங்கள் வாசலில் இறங்குவீர்கள்தானே? இறங்கினால் திரும்ப ஏறாதீர்கள். நான் வாசலில் நிற்பேன். மேலறையை ஒழித்து வைத்திருக்கிறேன். இவர் முதலில் "புருசன் பெண்சாதிக்குள்ளை நாங்கள் ஏன்?" என்றார். என் விரலைக் காட்டினேன். பிறகு அவரே மேலறைக்குக் கட்டில் தூக்கிக்கொண்டு போனார். நிரோஜினியைப் பிறகு ரயிலில் எடுப்பிக்கலாம்.

மாமாவுக்கு மூச்சும் விடவில்லை. பாசலில் அற்புதமலர் அக்காவிடம் மட்டும் சொன்னேன், ஒரு யோசனை கேட்கத்தான். அவ யாருக்கும் சொல்லமாட்டா.

தாடை கவனம். சூடாக எதுவும் குடிக்காதீர்கள்.
கோசலை


பாரிஸ்
24 ஜூன் 2013

அன்புள்ள மச்சாளுக்கு,

தாடைக் கட்டு எடுத்தாயிற்று, இடியப்பம் சாப்பிடுகிறேன். நிரோஜினிக்குப் பரீட்சை முடிந்தது. கரிகாலன் அண்ணையின் சீனியையும் உங்கள் முழங்காலையும் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் யோசனையை நினைத்துப் பார்த்தேன். அது வேண்டாம். அற்புதமலர் அக்காவிடமும், மிருணா மனம் மாறிவிட்டாள், இப்போது வீட்டில் எல்லாம் சுமுகம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மறக்காமல் சொல்லுங்கள்.

ஜூலை ஆறாம் திகதி, சனிக்கிழமை காலை புறப்பாடு. தில்லையம்பலம் மாமா வந்து தேங்காய் உடைப்பார். சில்லுக்குத் தேசிக்காய் வைக்கவேண்டும் என்று தெருவில் ஏழெட்டுப் பேர் சொல்லியிருக்கிறார்கள், எல்லோரும் வருவார்கள். திங்கட்கிழமை மதியம் பெர்ன். அன்றைக்குக் கரிகாலன் அண்ணை வேலைக்குப் போகாமல் வீட்டில் நிற்கட்டும். ஆண்கள் இருவரும் வண்டியைப் பற்றிக் கதைத்துச் சாப்பிடட்டும். இது என் ஆசை என்று சொல்லி நிற்கவையுங்கள்.

நன்றி கோசலை. நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்.

மிருணாளினி


அதே நாள்

கோசலை, இந்தத் தாளை உறைக்குள் வைக்கவில்லை. உங்களிடம் சொல்வதாக நினைத்து எழுதினால்தான் எனக்குத் தெளிவு வருகிறது. ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொன்னால் அது பாசலுக்குப் போய், பாசலில் இருந்து திரான்சிக்கு, மாமாவின் காதுக்கு வந்துவிடும். நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களுக்குப் பாரம் தாங்காது.

மே மாதம் அந்த மருத்துவரிடம் திரும்பப் போனேன். நடந்ததைச் சொன்னேன். காயங்களுக்குச் சான்றிதழ் எழுதித் தந்தார். அடிபட்ட பெண்களுக்கு உதவுகிற ஓர் இடத்தின் விலாசமும் தந்தார். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அங்கே போய் மர்கரீத் என்ற வக்கீலைப் பார்க்கிறேன். எனக்கும் மகளுக்கும் பாரிசுக்கு வெளியே ஓர் அறை இருக்கிறதாம், பொலிசுக்குத் தானும் கூடவே வருவாராம். எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள் மதாம் என்றார். நான் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வாசலில் இறங்குவதற்கு முன் மூன்று நாள் அவர் முதுகைப் பிடித்திருக்கவேண்டும். இரண்டு இரவு ஹோட்டலில் கழியவேண்டும். அந்த இரண்டு இரவையும் நான் தாண்டமாட்டேன் என்று நினைக்கிறேன். தாண்டினாலும், இனி உறவினர் வீட்டு விருந்தாளியாக இருந்துதான் அடி வாங்காமல் வாழவேண்டுமா?

இன்னொன்றையும் எழுதுகிறேன், இது உங்களுக்கு ஒருபோதும் தெரியவேண்டாம். ஹோட்டல்களுக்கு ஏற்றபடி பாதையை மாற்றிப் போடச் சொன்னார். போன கிழமை மூன்று நாள் அந்த வரைபடத்தோடு இருந்தேன். நாலாம் நாள் பாதையில் ஒரு மலைக்கணவாயைக் கூடுதலாகச் சேர்த்தால், பொழுதுபடும்போது, களைத்துப்போய், தலைக்கேறின கோபத்தோடு, ஈரத் தெருவில் இறங்குவார். அந்த வளைவுகள் எனக்கு மனப்பாடம். அவர் விழுகிற இடத்தைக்கூட நினைத்துப் பார்த்தேன். பாறையில் எலும்பு உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் கையில் கேட்டிருக்கிறேன். அந்த நினைப்பு இனித்தது. எழும்பிப் போய் முகம் கழுவினேன். வந்து, பாதையைச் சரியாகப் போட்டேன். நாளுக்கு இருநூற்றைம்பது, மதியத்துக்கு முன் மலை, வெளிச்சத்தில் ஹோட்டல். அவர் உயிரோடு திரும்பவேண்டும். திரும்பி வந்து நீதிபதிக்கு முன்னால் நிற்கவேண்டும்.

பொலிசுக்குப் போகவும் மகளோடு அந்த அறைக்கு மாறவும் ஒரு வாரம் போதும். நாலாம் நாள் அவர் மலைக்கு அந்தப்பக்கம் நிற்பார், என்னதான் கோபம் வந்தாலும் பாரிசுக்கு வந்து சேர ஒரு முழு நாளாவது எடுக்கிற தூரத்தில்.

தனியே போவாரா என்று பல நாள் யோசித்தேன். போவார். தெரு முழுக்கச் சொல்லிவைத்த பயணம். பெண்சாதி வராததால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவன் என்ற பேரை அவர் எடுக்கமாட்டார். நாலு பேர் முன்னால் கை நீட்டவும் மாட்டார். அன்று காலை நிரோஜினியையும் கூட்டிக்கொண்டு வேளைக்கே கீழே இறங்குவேன். எதை மறந்தேன் என்று அவர் சொன்னாலும் மேலே ஏறமாட்டேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை மாமாவின் பக்கத்தில் நிற்பேன், அவர் ஒருதரமாவது எனக்கு உதவட்டும். மகளிடமும் முதலே சொல்லப்போவதில்லை, அவள் முகத்துக்கு ஒளிக்கத் தெரியாது.

மாமா தேங்காய் உடைப்பார். இவர் ஏறி இருந்து, பின்னுக்குப் பார்த்து, "ஏறு" என்பார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது நான் சிரித்தபடி, தெருவுக்கே கேட்க, சொல்வேன்:

"நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ."